இறக்கத்துக்கு ஒரு ஃபோர்வீல்

ஓமானில் நிஸ்வா ஊரை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தேன். கழற்றி மாட்டிய வண்டிகளில் பாதிக்கு மேல் டொயோட்டா ஹைலக்ஸ்தான். 2008-இல் செய்த ஒரு வண்டியை மட்டும் மறக்க முடியவில்லை.

ஜபல் அக்தர் மலையில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சைக் ஊர்க்காரர் ஒரு பெரியவர். மாதுளைத் தோட்டமும் ரோஜாவும் வைத்திருந்தார். தம்பி விட்டுப்போன பழைய ஹைலக்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. 22ஆர் என்ஜின், நல்ல ஓட்டம், ஆனால் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. மலையடிவாரத்தில் பிர்கத் அல் மவ்ஸ் பக்கம் போலீஸ் சாவடி இருக்கிறது. ஃபோர்வீல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி, இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள். தார் ரோடு போட்ட பிறகும் அந்த விதி மாறவில்லை. அதனால் தன் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு, சரக்குக்கு வேறு ஆளுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். ஏப்ரலில் ரோஜா பூக்கும், பன்னீர் காய்ச்சுவார்கள், அதற்குள் வண்டி வேண்டும் என்றார்.

"விற்றுவிட்டு ஃபோர்வீலாகவே வாங்கிக்கொள்ளுங்கள் பாபா" என்று நான் சொன்னேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் கேட்கவில்லை. தம்பியின் வண்டி. எங்கள் உஸ்தாத், பெஷாவர்க்காரரான தலைமை மெக்கானிக், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலில் போலீஸ் அனுமதி வாங்கி வரச் சொன்னார். பேப்பர் கைக்கு வரும்வரை ஸ்பேனரைத் தொடவில்லை.

முன்னால் ஒரு ஆக்ஸிலைச் சேர்த்தால் ஃபோர்வீல் ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து ஹைலக்ஸில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு முன்பக்கம் ஸ்பிரிங்காக முறுக்கேறும் கம்பி, டார்ஷன் பார். எங்களுக்கு வரும் ஃபோர்வீலிலோ லீஃப் ஸ்பிரிங் பட்டையும் இரு சக்கரத்தையும் இணைக்கும் கட்டை ஆக்ஸிலும். சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், முன்பாகமே வேறு. ஸ்டியரிங் ராடு போகும் வழி வேறு. முன் டிஃபரன்ஷியல் இடிக்காமலிருக்க என்ஜின் ஆயில் சம்ப் வேறு. கியர்பாக்ஸின் வால்பக்கம், இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்காருவதால், பின் ஆக்ஸிலைச் சுற்றும் ஷாஃப்டின் நீளமும் மாறும். ஃபோர்வீல் சேஸிஸையே வாங்கி, கேபினை அதன்மேல் இறக்கினால் வேலை பாதியாகும். ஆனால் வண்டியின் அடையாளமான நம்பர் குத்தியிருப்பது சேஸிஸில். முல்கியாவில் (வண்டிப் பதிவு அட்டையில்) ஒரு நம்பரும் வண்டியில் இன்னொன்றுமாக ஓட்டுவது திருட்டுக்குச் சமம் என்று உஸ்தாத் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

மஸ்கட் ஸ்கிராப்பில் உருண்டுபோன ஃபோர்வீல் ஒன்றின் முன்பாகத்தை ஹாஃப் கட்டாக, அதாவது வெட்டியெடுத்த துண்டாக, வாங்கினோம். ஸ்பிரிங் ஹேங்கர்களை உஸ்தாத் தன் கையாலேயே வெல்டு வைத்தார். ஒவ்வொரு வெல்டையும் ஆறவிட்டு, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். மூன்று வாரம் ஆனது. பெரியவர் தினமும் வந்து நிழலில் உட்காருவார். பேரீச்சம்பழமும் பிளாஸ்கில் கஹ்வா காபியும் கொண்டுவருவார்.

தவறு என்னுடையது. பின் ஆக்ஸில் பழையதே இருக்கட்டும் என்று விட்டேன், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றும் என்ற ரேஷியோவைப் பார்க்கவில்லை. யார்டின் சரளையில் வண்டி அழகாக ஓடியது. தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி இறுகியது, ஃபோர்வீல் போடும் லீவர் வெளியே வரவில்லை. இப்படி வேண்டும்போது மட்டும் போடும் பார்ட் டைம் ஃபோர்வீல் வளைவில் இறுகுவது இயல்பு. முன்சக்கரமும் பின்சக்கரமும் போகிற தூரம் அங்கே ஒன்றாக இருக்காது. நேர் ரோட்டில் இப்படி இறுகக் கூடாது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் லீவர் விட்டது.

அன்று சாயங்காலம் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றதை இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் சுற்றுவதுதான் ரேஷியோ. நான்கு சுற்று முடிய ஒரு விரற்கடை குறைந்தது. முன்னால் அதே கணக்கு நான்கைத் தாண்டியது. சக்கரத்தை இருபது சுற்று சுற்றி ஷாஃப்டை எண்ணினேன். பின்னால் 39, முன்னால் 41. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சக்கரங்களைத் தரை ஒரே வேகத்தில் உருட்டும், இரண்டு ஷாஃப்டும் வேறு வேறு கணக்கில் சுற்றப் பார்க்கும். சரளையில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கியிருந்தது. உஸ்தாத் திட்டவில்லை. மறுநாள் என்னை மஸ்கட்டுக்கு அனுப்பி, அதே உருண்ட வண்டியின் பின் ஆக்ஸிலை வாங்கி வரச் செய்தார். பணம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், பாதிதான் பிடித்தார்.

போலீஸ் ஆய்வு முடிந்து மலைக்குப் போனபோது பெரியவர் என்னையும் கூட்டிப் போனார். ஏறும்போது நான் என்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தேன். உஸ்தாத் சொல்லி அனுப்பியது வேறு. "ஏறாத வண்டி நின்றுவிடும், யாரும் சாக மாட்டார்கள். இறக்கத்தைப் பார்." தொடர் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

மாதுளை மூட்டைகளோடு இறங்கும் முன் பெரியவரைக் கீழே இறங்கச் சொல்லி முன்சக்கர ஹப்பைக் காட்டினேன், சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் பூட்டு அது. தோட்டத்து மண் பாதையில் லாக், தார் ரோட்டில் ஃப்ரீ. ஃப்ரீயில் வைத்து லீவரை லோ என்ற மெதுவான நிலைக்குத் தள்ளினால் முன்சக்கரம் சேராது, வண்டி இறுகாது. ஆனால் 2.28 மடங்கு குறைந்த கியர் கிடைக்கும். இரண்டாவது கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் சுமார் 22 சுற்று சுற்ற வேண்டும். அந்த இழுப்பே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அவர் குனிந்து, ஹப்பைத் தானே மூன்று முறை திருப்பிப் பார்த்தார்.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினோம். வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டார். சாவடியில் நின்றதும் நான் முதலில் இறங்கிப் பின் டிரம்மில் புறங்கையை வைத்தேன். கை பொறுக்கும் சூடுதான். பெரியவரும் வந்து என் கைக்குப் பக்கத்திலேயே தன் கையை வைத்துப் பார்த்தார்.