ஃபார்லி என்றொரு நாய்

கார்ட்டூன் குழந்தைகளுக்குப் பொதுவாக வயதே ஆவதில்லை. லின் ஜான்ஸ்டன் அதை மாற்றிக் காட்டினார். 1979இல் கனடாவிலிருந்து அவர் வரையத் தொடங்கிய 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வர்ஸ்' நாளிதழ்த் தொடரில், எல்லி-ஜான் தம்பதியின் பிள்ளைகள் வாசகர்களோடு சேர்ந்தே வளர்ந்தார்கள். குட்டிப் பையனாக வந்த மைக்கேல் படித்து, கல்யாணம் செய்து, அப்பாவும் ஆகிவிட்டான்.

அப்புறம் ஃபார்லி, அந்த வீட்டு நாய். எல்லாருக்கும் வயதானால் நாய்க்கும் ஆகத்தானே வேண்டும்? 1995இல், ஆற்றில் விழுந்த கடைக்குட்டி ஏப்ரலைக் காப்பாற்றிவிட்டு அது இறந்துபோகிறது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. வெறும் கோட்டோவியம்தான், ஆனாலும் அத்தனை வருடம் அந்த வீட்டில் சுற்றிவந்த உயிர் அல்லவா.

1993இல் மைக்கேலின் நண்பன் லாரன்ஸ், தான் ஒரு தன்பாலீர்ப்பாளன் என்று வீட்டில் சொல்லும் பகுதியைச் சில நாளிதழ்கள் வெளியிட மறுத்தன. ஜான்ஸ்டன் பின்வாங்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

2008இல் கதை முடிந்தது. பிறகு பழையவை முதலிலிருந்து திரும்ப வந்தன. குட்டி ஃபார்லி வரும் நாட்களை மட்டும் தேடித் தேடிப் படிக்கிறேன்.