5:40-இல் எல்லாரும் போனை எடுக்கிறார்கள்

ஜூன் 7, சனி

எங்கள் சூப்பர்ஹீரோ குறும்படத்தை முடிக்கும் முன் ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, கருத்தைத் தாளில் எழுதி வாங்கினோம். மாடி ட்யூஷன் ஹால். வாடகை ப்ரொஜெக்டர், இரண்டு பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கர். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியும் ஓரத்தில் வெயில் கசிந்தது, இரவுக் காட்சிகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. "இருட்டா இருக்கு", "வெளுப்பா இருக்கு" என்று இன்று எழுதியவை எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது.

தாளில் நான்கே கேள்வி. கதையை மூன்று வரியில் சொல்லுங்கள். ஹீரோவால் என்ன முடியும், என்ன முடியாது? எந்த இடத்தில் கவனம் கலைந்தது? எந்த வசனம் கேட்கவில்லை? "படம் பிடித்ததா" என்று கேட்கவே இல்லை. கேட்டால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். பெயர் எழுத இடமும் இல்லை. தாளைத் திருப்பி வாங்கிய பிறகுதான் பேச்சு. முதலிலேயே பேசவிட்டால், குரல் பெரியவர் ஒருவருடைய கருத்து எல்லாத் தாளிலும் இறங்கிவிடும்.

இயக்குநர் முதல் வரிசையில் உட்கார்ந்து தன் படத்தையே பார்த்தார். பார்க்க வேண்டியது ஆட்களை. திரைக்குக் கீழே ஹாலை நோக்கி ஒரு கேமரா வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. படம் ஓடி 5 நிமிஷம் 40 நொடியில், அதாவது 5:40-இல், மடிகளில் போன் வெளிச்சம் ஒவ்வொன்றாக எரிகிறது.

ஜூன் 8

"சூப்பர் ப்ரோ" தாள்கள் தனிக்கட்டு. அதில் வேலை எதுவும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

குறைகளை நேரப்படி அடுக்கியாயிற்று. ஆள்வாரியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். டைம்லைனில் மார்க்கர் குத்தினால் எது கூட்டம், எது தனிக்குரல் என்று தெரிந்துவிடுகிறது.

0:22, தலைப்பு. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், எழுதாதவர்கள் சிரித்திருக்கிறார்கள். ப்ரீமியர் எடிட்டிங் மென்பொருளில் ப்ரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய எழுத்துகளுக்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும். மாற்றிய பிறகும் பழைய தலைப்பு அப்படியே நின்றால் அழித்துப் புதிதாக அடிக்க வேண்டும். அவசரமென்றால் வேறு மென்பொருளில் தலைப்பைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து வைக்கலாம்.

2:05, வசனம் புரியவில்லை. ஹீரோவின் முகமூடி 5 மி.மீ. ஈவா ஃபோம், வாய்க்கு நேரே துளையில்லை. ச, த, ட போன்ற ஒலிகளின் கூர்மை ஏறத்தாழ 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. ஃபோம் முதலில் விழுங்குவது அதைத்தான். ஈக்வலைசரில் அந்த இடத்தைத் தூக்கினால் ரோட்டு இரைச்சலும் சேர்ந்து ஏறும். டப்பிங்தான் வழி. முகமூடிப் படத்தில் இது வரம்: உதடு தெரியாது, தலையசைப்போடு ஒத்துப்போனால் போதும். வசனத்தையே மாற்றி எழுதினாலும் யாருக்கும் தெரியாது.

3:30, "அடி படவே இல்ல." உண்மை. கேமரா பக்கவாட்டில் நிற்கிறது, முட்டிக்கும் தாடைக்கும் நடுவே ஒரு சாண் வானம் தெரிகிறது. அடிப்பவர் முதுகுக்குப் பின்னாலோ அடிவாங்குபவர் முதுகுக்குப் பின்னாலோ கேமரா நின்று, கை லென்ஸுக்கும் முகத்துக்கும் குறுக்கே போக வேண்டும். 85 மி.மீ. மாதிரி நீள லென்ஸ் போட்டு தள்ளி நின்றால் இடைவெளி இன்னும் சுருங்கும். இனி எடுக்க முடியாது. கை வந்து சேர்வதற்கு முந்தைய இரண்டு மூன்று ஃப்ரேமைத் தூக்கிவிட்டு, தலை திரும்பும் ஷாட்டுக்குத் தாவினால் பாதி தப்பிக்கும். மீதிப் பாதியைச் சத்தம் பார்த்துக்கொள்ளும்: நனைத்த துண்டைச் சிமெண்ட் தரையில் அறைந்த சத்தம் கீழ் அடுக்கில், முருங்கைக்காயை ஒடித்த சத்தம் அதன் மேலே.

கேப், அதாவது ஹீரோ தோளில் தொங்கும் துணி: "போர்வை மாதிரி இருக்கு." ஒரே சொல், பல கையெழுத்து.

5:40. "சண்டை நீளம்." "பிஜிஎம் சரியில்ல." "வில்லன் சுமார்." "ஹீரோ ஏன் சும்மா அடி வாங்குறான்?" ஒரே இடத்துக்கு நாலு விதக் காரணம். நாலும் சரியாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த இடத்தில் ஏதோ செத்துப்போகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஜூன் 10

4:12-இல் ஹீரோ குதிக்கும்போது "லைட் மினுக்குதே, அதுதான் பவரா?" என்று ஒரு தாள்.

பவரெல்லாம் இல்லை, தெருவிளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஸ்லோமோஷனை 120 ஃப்ரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேறுவேறு வெளிச்சம். 100-இல் எடுத்திருந்தால் துடிப்பு தெரிந்திருக்காது. சாதாரண ஷாட்டுகள் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. அதனால் அவை தப்பின. மினுக்கைக் குறைக்கும் ப்ளக்கின் போட்டால் ஓரளவு அடங்கும்.

அடக்க வேண்டியதுதான். இருக்கிற சக்தியே புரியாத படத்தில் இல்லாத சக்தி ஒன்று கூடாது.

ஜூன் 11

சண்டையை 74 நொடியிலிருந்து 50-க்குக் குறைத்தாயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். யூடியூபில் ஏற்றி, லிங்க் தேடலில் வராதபடி வைத்து, படமே பார்க்காத புது ஆட்களுக்குப் போனில் அனுப்பினோம். அதே நான்கு கேள்வி.

ஜூன் 13, வெள்ளி

"சண்டை ரொம்ப நீளம்."

24 நொடி போன பிறகும்! குறைத்ததால் இன்னும் மோசம். முன்பாவது மூச்சுவிட இடம் இருந்தது. இப்போது கையும் காலும் மட்டும் பறக்கின்றன. நீளம் என்று எழுதுகிறவர் நொடியை எண்ணி எழுதவில்லை. எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாத இருபது நொடி, ஒரு நிமிஷமாகத் தெரியும். வெட்டியதைத் திரும்ப ஒட்டியாயிற்று.

ஜூன் 14, சனி

இரண்டாவது கேள்வியின் பதில்களை மட்டும் தனியாகப் படித்தால் வேறு கதை.

ஹாலில் பார்த்தவர்கள்: "இரும்பைத் தொட்டா பலம் வரும்." "என்ன முடியாது" என்ற பகுதி பெரும்பாலும் காலி. போனில் பார்த்தவர்கள்: "பறப்பாரா?" "கோபம் வந்தா பலம் வருமோ." ஒருவர்: "சாமி வந்திருக்கு." போனில் பார்த்தும் சரியாக எழுதியவர்களிடம் விசாரித்தால் எல்லாரும் ஹெட்போன்.

அப்படியானால் சத்தம்.

ஜூன் 15

சத்தமேதான். ஹீரோ இரும்புக் கேட்டைத் தொடும்போதெல்லாம் வரும் அந்த "ம்ம்ம்" 55 ஹெர்ட்ஸில் இருக்கிறது. போன் ஸ்பீக்கர் விரல்நுனி அளவு, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. ஹாலில் தரை அதிர்ந்தது. போனில் ஒரு ஆள் காரணமில்லாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சக்தியைச் சொல்லும் வேலை முழுவதையும் சத்தத்திடம் கொடுத்துவிட்டு, பாதிப்பேருக்கு அந்தச் சத்தத்தையே கொடுக்கவில்லை.

வால்யூமைக் கூட்டிப் பயனில்லை, கூட்டினால் ஸ்பீக்கர் உறுமும். அதன் மடங்குகளைச் சேர்க்க வேண்டும்: 110, 165, 220, 275, 330. மேலே உள்ளவை ஒழுங்காக இருந்தால், இல்லாத 55-ஐக் காதே கேட்டுக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கேட்பது இப்படித்தான். அதற்கும் மேலே, 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் சைக்கிள் செயினை மேஜையில் இழுத்த கிறுகிறுப்பு, மெலிசாக. "இரும்பு" என்று சொல்வது அதுதான்.

ஒவ்வொரு தொடுகைக்கும் அதே சத்தம் வர வேண்டும். விதவிதமாகப் போடக் கை அரிக்கும். போட்டால் பார்ப்பவருக்கு விதி பிடிபடாது.

ஜூன் 16

கேப் வெல்வெட். தைத்தவர் மதுரை புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர், சித்திரைக்கு அழகர் வேஷத் துணி தைக்கிறவர். "வெல்வெட் கனக்கும் தம்பி, ஆடாது, க்ரேப் எடுங்க" என்று அன்றைக்கே சொன்னார். வெல்வெட் வெளிச்சத்தைக் குடிக்கிறது. இரவில் மடிப்பு தெரியாது, மடிப்பில்லாத துணி போர்வைதான். கழுத்தில் ஒரே முடிச்சாகக் கட்டினால் துண்டு மாதிரி சுருங்கும். இரண்டு தோளிலும் வெல்க்ரோ வைத்தால் விரியும். எதிலாவது மாட்டி இழுத்தால் கழுத்தை இறுக்காமல் கழன்றும் வரும். கீழ் மடிப்புக்குள் மெல்லிய சங்கிலி விட்டுத் தைத்தால் காற்று விட்டதும் அழகாக இறங்கும்.

இந்தப் படத்துக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. பின்னாலிருந்து வெளிச்சம் விழும் ஷாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதில் இடுப்புக்கு மேலே ஃப்ரேமை நெருக்கலாம்.

ஜூன் 17

5:40.

ஜூன் 18, புதன்

சக்தி என்ன என்பதைச் சத்தம் சரிசெய்யும். சக்தி எப்போது போகும் என்பது? அது படத்தில் இருக்கிறது, ஆனால் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது.

1:10. ஹீரோ கேட்டிலிருந்து கையை எடுக்கிறான், சத்தம் நிற்கிறது, விரல் மரத்து டீ கிளாஸ் விழுகிறது. விதி முழுவதும் அந்த ஷாட்டில்தான். நீளம் 14 ஃப்ரேம், அரை நொடிக்குக் கொஞ்சம் மேலே. எடிட்டிங் டேபிளில் நூறு முறை பார்த்த கண்ணுக்கு அது போதும். முதல்முறை பார்ப்பவர் கிளாஸைப் பார்ப்பாரா, கையைப் பார்ப்பாரா? கிளாஸ் உடைந்ததைக் காமெடி என்று நினைத்து ஹாலில் சிரித்தார்கள். புது விஷயத்துக்கு இரண்டு நொடியாவது வேண்டும். கிளாஸ் விழுந்த பிறகும் கை ஃப்ரேமிலேயே இருக்கும் வால் அந்த டேக்கில் கிடக்கிறது. விரலை மடக்கப் பார்க்கிறான், மடங்கவில்லை. தங்கம்.

5:05. வில்லன் கைக்காப்பையும் வாட்சையும் கழற்றி எறிந்துவிட்டு மூங்கில் கம்போடு மணலில் இறங்குகிறான். பலவீனம் தெரிந்த ஆள்! வைட் ஷாட்டில் அது வெறும் ஸ்டைல். "வில்லன் சுமார்" என்று எழுதியவர் பார்க்காமல் போனது இந்தப் புத்திசாலித்தனத்தைத்தான்.

மணலில் இரும்பே இல்லை என்று தெரிந்தால்தான் ஹீரோ அடி வாங்குவதில் பதற்றம் வரும். தெரியாதவருக்கு அது நீளம். முள் 1:10-இல் குத்தியிருக்கிறது, நொண்டுவது 5:40-இல்.

ஜூன் 20

தேவை ஒரே இன்சர்ட், இடையில் செருக ஒரு சின்ன ஷாட்: மணலுக்குள் ஹீரோவின் கையுறை துழாவுகிறது, ஒன்றும் சிக்கவில்லை. சோழவந்தான் பக்கம் வைகைக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. மொட்டைமாடி, இரண்டு மூட்டை மணல், சுற்றி நீலம் பச்சையாக எதுவும் இல்லாமல். நிழல் விழும் திசை ஒத்துப்போக வேண்டும்: மூல ஷாட்டில் சூரியன் இடது பின்புறம், சாயங்காலம் ஆறுக்குச் சற்று முன். 50 மி.மீ., ஷட்டர் 1/50, ஒயிட் பேலன்ஸ் 5600 பூட்டியபடி. ஆட்டோவில் விட்டால் மணல் நிறம் நடுவில் மாறும். மணலை லேசாக நனைக்க வேண்டும், காய்ந்த மணல் வெள்ளையாக அடிக்கும்.

ஹீரோ ஊரில் இல்லை. கையுறை இருக்கிறது, கை யாருடையதாக இருந்தால் என்ன.

ஜூன் 21

கையுறையின் முட்டிப் பெயிண்ட் வெடித்துவிட்டது. மடங்குகிற இடத்தில் அக்ரிலிக்கை நேரடியாக அடித்தால் வெடிக்கத்தான் செய்யும், அடியில் வளைந்துகொடுக்கும் ப்ரைமர் வேண்டும். பழைய ஷாட்டில் ஆள்காட்டி விரல் முட்டியில் மட்டும் வெடிப்பு. மற்றதை மறைத்து அதை விட்டுவைத்தோம்.

ஷாட் ஓடும்போது சத்தம் எதுவும் இல்லை. "ம்ம்ம்" வராதது காதில் விழுகிறது. பிஜிஎம்மையும் அங்கே நான்கு நொடி நிறுத்தியாயிற்று. மணல் உரசல் மட்டும்.

ஜூன் 23, திங்கள்

புதுக்கண் சீக்கிரம் தீர்ந்துபோகும் சரக்கு. ஒருமுறை பார்த்தவர் இரண்டாம் முறை விதியைத் தெரிந்துகொண்டே உட்காருவார், படம் சொல்லாததையும் தானே நிரப்பிக்கொள்வார். அதனால் கையிருப்பில் இருக்கும் ஆட்களை எல்லாம் ஒரே வெர்ஷனுக்குச் செலவழிக்கக் கூடாது. இன்று கொஞ்சப் பேருக்கு மட்டும் அனுப்பியது, ஹெட்போன் இல்லாமல் பார்க்கச் சொல்லி.

ஜூன் 24

"இரும்பு இல்லாத இடத்துக்கு வேணும்னே கூட்டிட்டு வர்றான் பாரு."

சண்டையில் ஒரு நொடியும் குறையவில்லை. நீளம் என்று ஒருவரும் எழுதவில்லை!

ஜூன் 25

எந்த இடத்தை எவ்வளவு பார்த்தார்கள் என்று காட்டும் யூடியூப் வரைபடத்தில் 5:05-இல் சின்ன மேடு, திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். காப்பு கழற்றுவதைக் கவனித்துவிட்டார்கள் என்று கொண்டாடலாம். ஆனால் பழைய வெர்ஷனில் 2:05-இலும் இதே மேடு, வசனம் கேட்காததால் வந்தது. மேட்டுக்குப் பக்கத்தில் தாளையும் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. இத்தனை குறைந்த ஆட்களுக்கு வரைபடமே ஆடும்.

கேப் பற்றி மறுபடியும் இரண்டு பேர்.

ஜூன் 27, வெள்ளி

மிக்ஸின் மொத்தச் சத்தம் மைனஸ் 20 எல்யூஎஃப்எஸ்ஸில் (சத்தத்தை அளக்கும் அலகு) கிடந்தது. யூடியூப் சத்தம் கூடினதைக் குறைக்குமே தவிர, குறைந்ததைத் தூக்கிவிடாது. மைனஸ் 14-க்குக் கொண்டுவந்து உச்சத்தை மைனஸ் 1-இல் நிறுத்தியாயிற்று. வசனத்தை அசைக்காமல் பிஜிஎம்மை மட்டும் ஏற்றியிருந்தால் பழைய கதைதான்.

இரவுக் காட்சி கட்டம் கட்டமாக உடைகிறது. 1080-ஐ 4கே ஆகப் பெருக்கி ஏற்றினால் யூடியூபில் அதற்கு மேலான கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, கிடைக்கிறது. கறுப்பில் கொஞ்சம் க்ரெய்ன், பொடிப் புள்ளிகள், தூவினால் வானத்தில் பட்டை விழாது. அளவு கூடினால் அதுவே கட்டமாகும்.

ஜூன் 28

30-க்குள் படத்தை அனுப்ப வேண்டும். "க்ளைமாக்ஸில் வில்லன் திருந்தியிருக்கலாம்" என்று ஒரு நீண்ட குரல்செய்தி. அது வேறு படம், அவர் எடுக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

இங்கிலீஷ் சப்டைட்டில். வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் கூடாது, ஷாட் மாறும் இடத்தைத் தாண்டி நீளக் கூடாது, அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே இரண்டு ஃப்ரேம் இடைவெளி. 2:05-இல் டப்பிங்கில் மாறிய வசனத்துக்கு இன்னும் பழைய வரியே ஓடுகிறது. 1:10-இல் ஷாட் நீண்டதால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே தள்ளி நிற்கிறது, மொத்தமாகத் தள்ளினால் 5:18-க்கு அப்புறம் இன்சர்ட் அளவுக்கு மறுபடி தள்ள வேண்டும்.