குழு ப்ராஜெக்ட்டில் சக மாணவருக்கு மார்க் போடும்போது: ஃபைனல் இயர் அனுபவம்

எட்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. ப்ராஜெக்ட்டில் எங்கள் நால்வருக்கும் ஒரே கிரேடு இல்லை. ஆனாலும் நால்வரில் யாருக்கும் வருத்தம் இல்லை. மூன்றாம் வருஷ மினி ப்ராஜெக்ட்டில் நிலைமை நேர்மாறு. கண்விழித்து ரிப்போர்ட் அடித்தவருக்கும் வைவா அன்று காலையில் தலைப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கும் ஒரே மார்க். அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை. ஜூனியர்களுக்கு இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ப்ராஜெக்ட்டைக் கட்டம் கட்டமாக மதிப்பிடும் ரிவ்யூ எப்படி நடக்கும், பிபிடி எத்தனை ஸ்லைடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது ஒரே ஒரு தாளைப் பற்றி. ஒவ்வொரு ரிவ்யூ முடிந்ததும் எங்கள் கைடு மேடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பார். குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும், நமக்கும் சேர்த்து, 5க்கு மார்க் போட வேண்டும். யார் என்ன போட்டார்கள் என்பது மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். தலைப்புகள் ஐந்து: வேலையில் பங்கு, மற்றவர்களோடு பழகும் விதம், குழுவைத் தடம் மாறாமல் வைத்திருப்பது, தரத்தில் பிடிவாதம், தேவையான அறிவும் திறமையும். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருந்து நடத்தப்படும் கேட்மி என்ற முறையில் இருப்பவைதான் இந்த ஐந்தும்.

மார்க்கைக் கணக்கிட இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ முறையை எடுத்துக்கொண்டார். ஒருவர் நாலு பேருக்கும் போட்ட மொத்தத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அப்படி நாலு பேரிடமிருந்தும் வரும் பங்குகளைக் கூட்டினால் ஒரு எண் கிடைக்கும். நாலு பேரின் எண்களுக்கும் சராசரி 1. குழுவுக்கு 80 மார்க் என்றால் பாதியான 40 எல்லாருக்கும் உண்டு, மீதி 40ஐ உங்கள் எண்ணால் பெருக்குவார்கள். 1.1 வாங்கியவருக்கு 84, 0.8 வாங்கியவருக்கு 72. இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் எல்லாருக்கும் 5 போட்டாலும் எல்லாருக்கும் 3 போட்டாலும் விளைவு ஒன்றுதான். தாராளமாகப் போட்டு யாரையும் காப்பாற்ற முடியாது.

எங்கள் ப்ராஜெக்ட் நெல்லின் ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி. டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். விவசாயிகள் ரோட்டோரம் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டு மூட்டையை ஏற்ற முடிந்தால் எவ்வளவு நிம்மதி! இரண்டு தகடுகளுக்கு நடுவே நெல்லைப் போட்டு மின்தேக்கத்திறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை, அளப்பதுதான் வழி. நடுவில் இருக்கும் பொருள் அந்தத் திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்று சொல்லும் மின்காப்பு மாறிலி தண்ணீருக்கு 80க்குப் பக்கம், காய்ந்த தானியத்துக்கு மிகக் குறைவு. அதனால் ஈரம் கூடினால் அளவு ஏறும்.

முதல் ரிவ்யூ முடிந்தபோது கம்ப்யூட்டர் கோடு (code) எழுதிய கும்பகோணத்து நண்பனுக்கு எல்லாரும் அள்ளிக் கொடுத்தோம். பாபநாசத்து நண்பனுக்குக் குறைவாக வந்தது. அவனுக்கு கோடு வராது, சால்டரிங்கும் சுமார்தான். மேடம் கூட்டு மார்க்கை மட்டும் எங்களிடம் காட்டினார். திட்டவில்லை. அடுத்த ரிவ்யூவில் இருந்து தாளில் ஒரு கட்டம் கூடியது. மார்க்கை எழுதுவதற்கு முன்னால், அந்த ஆள் செய்த ஒரு வேலையை, எப்போது செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்பதோடு ஒரு வரியில் எழுத வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் மார்க் செல்லாது.

இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: முதலில் நடந்ததை எழுதுங்கள், அப்புறம் மார்க்.

பாபநாசத்து நண்பனைப் பற்றி யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சம்பா அறுவடை நேரம். அவன் வயல் வயலாகப் போய்ச் சாம்பிள் எடுத்து வந்தான். ஒவ்வொரு பாலித்தீன் பைக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஊர், நெல் ரகம், அறுத்த தேதி, எடுத்த நேரம். சி.ஆர். 1009 பருமனான நெல், பி.பி.டி. ரகம் சன்னம். இரண்டும் தகடுகளுக்கு நடுவே ஒரே மாதிரி அடங்காது. அளவு ஏன் முன்பின்னாக வருகிறது என்று நாங்கள் மூன்று பேரும் சென்சாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தச் சீட்டுகளை ரகவாரியாகப் பிரித்து வைத்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ரகத்துக்கு ஒரு திருத்தம் போட்டோம். ஹாட் ஏர் ஓவனில் காயவைத்து எடை பார்த்த அளவோடு நெருங்கி வந்தது. இதை ஒரு வரியாக எழுதிய பிறகு அவனுக்கு 3 போட யாருக்குக் கை வரும்?

கும்பகோணத்து நண்பனுக்கு வந்த வரி வேறு மாதிரி. ‘சொல்லாமல் சர்க்யூட்டின் பின் (pin) எண்ணை மாற்றினான், மறுநாள் சர்க்யூட் ஓடவில்லை, லேப் நேரம் முழுக்க வீணானது.’ எழுதியவர் பெயரைச் சொல்லாமல் மேடம் அதை அவனிடம் வாசித்துக் காட்டினார். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் எதை மாற்றினாலும் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட ஆரம்பித்தான். வேலையிடத் திறன் என்று ட்ரெய்னிங் வகுப்பில் மணிக்கணக்காகச் சொல்லித் தருகிறார்களே, எனக்குத் தெரிந்து அது இதுதான்.

கேம்பஸ் இன்டர்வியூவில் எச்.ஆர். கேட்டதும் இதையே. “குழுவில் ஒருத்தர் சரியா ஒத்துழைக்கலைன்னா என்ன செய்வீங்க?” என் பக்கத்தில் இருந்தவர்கள் ‘உட்கார்ந்து பேசுவோம்’ என்று பொதுவாகச் சொன்னார்கள். நான் பின் எண் கதையைச் சொன்னேன், நாங்கள் என்ன எழுதினோம், அடுத்து என்ன மாறியது என்பதோடு. மேலும் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுமே அந்தக் கதையைப் பற்றித்தான். அடுத்த மாதம் ஓசூரில் வேலைக்குச் சேர்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

- வாரத்துக்கு ஒரு முறை, யார் என்ன செய்தார்கள் என்று நோட்டில் ஆளுக்கு ஒரு வரி. ரிவ்யூ அன்றைக்கு யோசித்தால் கடைசி வாரம் மட்டும்தான் நினைவுக்கு வரும்.
- ‘நல்ல பையன்’, ‘சோம்பேறி’ என்று எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு யாரும் திருந்த முடியாது.
- உங்களுக்கும் இதே விதி. உங்கள் வரியை எழுத முடியாவிட்டால் உங்கள் மார்க்கைக் குறையுங்கள்.
- ‘நீ எனக்கு 5 போடு, நான் உனக்கு 5 போடுறேன்’ என்று வருபவரிடம், அவர் செய்த வேலையை எழுதித் தரச் சொல்லுங்கள்.
- கோடு, சர்க்யூட் மட்டும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். சாமான் வாங்க தஞ்சாவூர் போய் வந்ததும் வேலை, பில்லைப் பத்திரமாக வைத்ததும் வேலை.

நேருக்கு நேர் பேசித் தீர்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பேசத் தெரிந்தவர்கள் பேசட்டும். என்னைப் போல நாலு பேர் முன்னால் வாய் வராதவர்களுக்கு எழுத்துதான் துணை. எழுதும்போது கோபமும் பாதி அடங்கிவிடும்.

மேடம்மார்களுக்கும் சார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி ரிவ்யூவில் மட்டும் இந்தத் தாளைக் கொடுக்காதீர்கள். அப்போது அது தண்டனை போல ஆகிவிடும், திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. முதல் சுற்றின் மார்க்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பயமில்லாமல் எழுதுவார்கள். தரமதிப்பீட்டுக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) வரும்போது குழுப்பணிக்குச் சான்று கேட்பார்கள், இந்தத் தாள்களைக் கோப்பில் வைத்தால் அதற்கும் ஆயிற்று.

உங்கள் துறையில் இந்த வழக்கம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். ஐந்து தலைப்பும் ஒரு வரிக் கட்டமும் போட்டு ஏ4 தாளில் நீங்களே ஒன்று தயாரித்து, தொடக்கத்தில் நடக்கும் ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னால் கைடிடம் கொடுங்கள். இரண்டாவது ரிவ்யூ மார்க் ஏறிய பிறகு கேட்டால், யார் மீதோ புகார் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.