ஸ்வரத்தின் தலையில் ஒரு புள்ளி

கர்நாடக சங்கீத நோட்டில் எழுத்து ஏழுதான்: ஸ ரி க ம ப த நி. பாட்டைப் பிடித்து வைக்க இந்த ஏழு போதாது. எந்த ஸ்தாயி (மேல், நடு, கீழ் என்ற சுருதி நிலை), எவ்வளவு நேரம், தாளத்தில் எந்த இடம், அசைத்துப் பாடுவதா நேராக நிற்பதா என்பதையெல்லாம் எழுத்து சொல்லாது. புள்ளியும் கோடும் கால்புள்ளியும் அதற்காக வந்தவை.

மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி, மத்திய ஸ்தாயிக்கு எதுவும் வேண்டாம். தமிழில் தலைப்புள்ளி ஏற்கெனவே மெய்யெழுத்தின் சொத்து. கையால் எழுதினால் பாதகமில்லை. ஸ்வர வரியில் மெய்யெழுத்துக்கு வேலை இல்லை என்பது பாடுகிறவருக்குத் தெரியும். தட்டச்சில்தான் வம்பு. ஸ, க, ம, ப, த ஐந்தின் மேலும் புள்ளி ஒழுங்காக உட்காரும். ரி, நி இரண்டிலும் கொக்கி ஏற்கெனவே ஏறியிருப்பதால், அதன்மேல் புள்ளி தட்டினால் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். கீழ்ப்புள்ளி கதை இன்னும் மோசம். அதனால் தட்டச்சு செய்யும்போது மேல் ஸ்தாயிக்கு எழுத்தை ஒட்டி ஒற்றை மேற்கோள், கீழ் ஸ்தாயிக்கு முற்றுப்புள்ளி என்று வைத்துக்கொண்டு, அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலஹரி ராகத்தில் 'ஸ்ரீ கணநாத' என்று எடுக்கும் கீதத்தின் (ஆரம்பப் பாடமான எளிய பாட்டு) தொடக்கம், ரூபக தாளம்:

ம ப | த ஸ' ஸ' ரி' || ரி' ஸ' | த ப ம ப ||

ஒற்றைக் கோடு அங்கம் (தாளத்தின் ஒரு பகுதி) முடிகிற இடம், இரட்டைக் கோடு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிகிற இடம். இங்கே அங்கங்கள் இரண்டு: திருதம் 2 எண்ணிக்கை, லகு 4, மொத்தம் 6. 'ஸ்ரீ' என்ற ஓரெழுத்து ம, ப இரண்டின் மேலும் நீள்கிறது. 'கணநாத'வில் நெடிலான 'நா' ஒரே ஸ்வரத்தில் அடங்குகிறது. சாகித்யத்தை (பாட்டின் சொற்களை) ஸ்வரத்துக்கு நேர் கீழே, எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்வது இதனால்தான். வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் இந்த நேர்வரிசை கலைந்துபோகும். கட்டம் போட்ட அட்டவணையில் அடித்துப் படமாக அனுப்புங்கள்.

அதிகம் தப்பு நடப்பது கார்வையில், அதாவது ஸ்வரத்தின் நீட்டலில். குறில் ஒரு அளவு, நெடில் இரண்டு. கால்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு 4 ஸ்வரம் என்றால் ஓர் ஆவர்த்தனம் 16 | 8 | 8 ||. அதில் கடைசி திருதம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

பா , ம க ரி ஸ , ||

2, 1, பிறகு நான்கு ஒன்றுகள், கடைசியில் 1. கூட்டினால் 8. 'பா'வை 'ப' என்று எழுதிவிட்டால் 7. தாளம் தட்டியதுமே இடிக்கும். உரைநடைப் பழக்கத்தில் 'ஸ, ரி, க' என்று பிரித்து எழுதுவது இதைவிடப் பெரிய தப்பு. அங்கே ஒவ்வொரு கால்புள்ளியும் ஒரு கார்வையாகிவிடுகிறது. ஸ்வரங்களுக்கு நடுவே வெறும் இடைவெளி போதும். பாட்டு அரை இடத்தில் (தாளம் தொடங்கி அரை எண்ணிக்கை கழித்து) எடுப்பதானால், இதே கணக்கில் வரியின் தலையில் ஓர் அரைப்புள்ளி.

இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) ஸ்வரங்களின் மேல் ஒரு கோடு. சில புத்தகங்களில் அடிக்கோடு. கோட்டுக்குள் இருப்பவை பாதி அளவுதான். நகலெடுத்து ஒட்டும்போது கோடு உதிர்ந்துபோனால் அங்கத்தின் கூட்டுத்தொகை எகிறும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு அங்கத்தையும் கூட்டிப் பாருங்கள், பிழை தானே மாட்டிக்கொள்ளும்.

ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது கமகம். அதற்கான குறிகளில் கருத்து வேற்றுமை உண்டு. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-இல் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் கம்பிதத்துக்கு (அசைவு) நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு (மேலே வழுக்குவது) /, இறக்க ஜாருவுக்கு (கீழே வழுக்குவது) \ என்று தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. அச்சில் ஒரு பெரிய காரியம் அது. நம் நோட்டுக்கு அத்தனையும் தேவையில்லை என்பது என் கட்சி. தோடி ராகத்தில் காந்தாரம் (க) ஆடித்தான் ஆக வேண்டும். அசைக்காமல் கீபோர்டில் தட்டினால் தோடியாகவே கேட்காது. ராகத்தின் பெயரே அதைச் சொல்லிவிடும்போது ஒவ்வொரு க-வுக்கும் நெளிகோடு போடுவது மை விரயம். ராகம் சொல்லாததை மட்டும் எழுதுங்கள்: குறிப்பிட்ட ஒரு சங்கதியில் (ஒரே வரியை மாற்றிப் பாடும் ஒரு விதம்) மட்டும் ப-விலிருந்து மேல் ஸ-வுக்கு வழுக்கிப் போக வேண்டுமென்றால், அங்கே ஒரு /.