நோவாவின் வாரம்

இஸ்ரேலின் பெத்தா திக்வா நகரில் 87 வயது யூதப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமை என்றால் வேலை கொஞ்சம் கூடுதல். சூரியன் மறைந்தால் யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிடும். அதற்குள் சமையலை முடித்து, சாப்பாட்டை மின்தட்டின் மேல் ஏற்றி, மறுநாள் மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றியதும் பாட்டி வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவின் பெரிய எழுத்துப் பிரதியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். அவர் வாசிக்க வாசிக்கத்தான் நான் எபிரேயம் பழகினேன்.

தோராவை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு பராஷா. வாராவாரம் படித்து ஒரு வருடத்தில் முடித்து, சிம்ஹாத் தோரா பண்டிகையன்று மறுபடி ஆதியாகமத்தில் தொடங்குவார்கள். 2023இல் அந்தப் பண்டிகை அக்டோபர் 7 அன்று வந்தது. ஹமாஸ் இயக்கம் இஸ்ரேலைத் தாக்கிப் பலரைப் பணயக்கைதிகளாகப் பிடித்துப்போன நாள். காலையில் சைரன் ஒலித்தது. பாதுகாப்பு அறைக்குள் போக எங்கள் ஊருக்கு 90 விநாடி அவகாசம். பாட்டியை எழுப்பி வாக்கரைப் பிடிக்க வைப்பதற்குள் பாதி போய்விட்டது. அவர் செருப்பு ஒன்று நடைவழியிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து நாகர்கோவிலிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் வீடியோ வீடியோவாக அனுப்ப ஆரம்பித்தார். கடைசிக்காலப் போரைச் சொல்லும் எசேக்கியேல் 38, கோகு, மாகோகு, இதோ முடிவு நெருங்கிவிட்டது. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவைதான். ஆனால் சைரன் சத்தத்துக்கு நடுவே கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு வாரம் கழித்து, பெருவெள்ளக் கதை வரும் நோவாவின் பராஷா வந்தது. 'பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது' என்று அம்மாவின் வேதாகமத்தில் இருக்கும் இடம். கொடுமைக்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் ஹமாஸ். பூதக்கண்ணாடி அந்த மூன்று எழுத்துகளின் மேல் வந்ததும் நான் பதறிப்போய், "பாட்டி, அப்போதே எழுதி வைத்திருக்கிறதே!" என்றேன்.

அவர் முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவர். கண்ணாடியைக் கீழே வைத்தார். "அந்த இயக்கத்தின் பெயர் அரபுச் சொற்களின் சுருக்கம். இது வேறு சொல். ஓசைதான் ஒன்று" என்றார். அப்புறம் யூத வேத அறிஞர்களான ரபிகள் சொன்ன ஒரு கதையைச் சொன்னார். நோவாவின் காலத்தில் ஒருவன் கூடை நிறைய துர்முஸ் பயறு விற்கக் கொண்டுவருவானாம். ஒவ்வொருவரும் வந்து காசு பெறாத அளவு கொஞ்சம் எடுத்துக்கொள்வார்களாம். அத்தனை சிறியதற்கு யார்மேலும் வழக்குப் போட முடியாது. கூடை மட்டும் காலியாகிவிடும். "அதுதான் ஹமாஸ். நான் எத்தனை பயறு எடுத்தேன் என்று என்னையே கேட்கத்தான் இதை வருடாவருடம் படிக்கிறேன்."

இதைச் சொன்னபோது அவருடைய பேரன் ரிசர்வ் படையில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ராத்திரியில் அவர் தூங்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரப் பராஷாவில், ஆபிராமின் சகோதரன் மகன் லோத்தைச் சிறைபிடித்துக்கொண்டு போவதும் ஆபிராம் போய் மீட்பதும். பணயக்கைதிகளை நினைத்து அழுதார். அதற்கும் அடுத்த வாரம், நவம்பர் 4 சபாத்துக்கு, ஆபிரகாம் வீட்டிலிருந்து பிள்ளையோடு அனுப்பிவிடப்பட்ட பணிப்பெண் ஆகாரின் கதை. வனாந்தரத்தில் துருத்தியில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. அவள் தன் பிள்ளை இஸ்மவேலை ஒரு செடியின்கீழ் விட்டுவிட்டு, அது சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். காசாவில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அன்று மதியம்தான் செய்தி கேட்டிருந்தோம். பாட்டி அந்த இடத்தில் நின்றுவிட்டார். "இஸ்மவேல் என்றால் கடவுள் கேட்கிறார் என்று அர்த்தம்" என்று மட்டும் சொன்னார். மாத்திரைக்கு நான் நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

தீர்க்கதரிசிகளை வைத்து நாள் குறிப்பவர்களிடம் எனக்கு இப்போது பொறுமை இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தைப் படித்தாலே போதும். அவர் கடிந்துகொள்வது தன் சொந்த ஜனத்தை. நியாயத்தைத் தேடு, திக்கற்ற பிள்ளைக்கு நீதி செய் என்கிறார். எதிரியைச் சுட்டுவதற்கு வசனம் தேடினால் எங்கேயும் கிடைக்கும். பாட்டி அப்படித் தேடி நான் பார்த்ததில்லை.

2025 அக்டோபர் 13 அன்று, உயிரோடிருந்த கடைசி 20 பணயக்கைதிகளும் திரும்பினார்கள். மறுநாள் சிம்ஹாத் தோரா. பாட்டி எரேமியா 31ஐ எடுத்து, பிள்ளைகளுக்காக அழும் ராகேலுக்குச் சொன்ன 'உன் பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள்' என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார்.

அன்று இரவு அம்மாவிடம் துர்முஸ் கூடைக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கோகு, மாகோகு என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"மக்களே, அந்தப் பாட்டிக்க பேரன் வீட்டுக்கு வந்தாச்சா?" என்று கேட்டார்.