சத்தம் கேக்குது பிள்ளை, கதைதான் விளங்குதில்லை

வன்னியில காது டெஸ்ட் எடுக்கிற வேலையில இருந்தா இந்தத் தலைப்பில இருக்கிற வசனத்தைக் கேக்காத கிளினிக் நாளே இருக்காது. கூட வந்த மகள் உடன சொல்லுவா, அப்பாக்கு வேண்டின நேரம் மட்டும் நல்லாக் கேக்கும் எண்டு. அனேகமா ஐயா சொல்லுறதுதான் சரி.

லேண்ட்மாஸ்டர் எண்ட உழவு மெஷின் ஓடினவை, மில்லில நிண்டவை, பக்கத்தில ஷெல் விழுந்து தப்பினவை, இவையின்ர ஓடியோகிராமை, அதுதான் காது டெஸ்டில கீறி வாற படத்தை, பாத்தா தடிச்ச சத்தத்துக்குக் கோடு நல்லா நிக்கும், கீச்சுச் சத்தமான 4000 ஹேர்ட்ஸ் பக்கம் போகேக்க தொபுக்கெண்டு விழுந்திடும். உள்காதில சுருண்டு கிடக்கிற கொக்லியாவில வாசல் பக்கம் கீச்சுச் சத்தத்துக்கு, உள் நுனி தடிச்ச சத்தத்துக்கு எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு, அங்க சத்தத்தைப் பிடிக்கிற மயிர்க்கலங்கள் செத்தா எங்களுக்குத் திரும்ப முளைக்காது. உயிர் ஓசை தடிச்ச சத்தப் பக்கம் கிடக்கு, க, ச, ப எல்லாம் பிரிச்சுக் காட்டுற துண்டுகள் கூடுதலா கீச்சுச் சத்தப் பக்கம். அதால ஆள் கதைக்கிறது கேக்கும், ஆனா சொன்னது கடலையா படலையா எண்டு தெரியாது.

அங்கால கிட்டத்தட்ட 30,000 நரம்பிழை மூளைத்தண்டுக்குப் போகுது. முதல் தரிப்பு கொக்லியர் நியூக்ளியஸ், அடுத்தது ஒலிவரி எண்ட இடம், ரெண்டு காதின்ர செய்தியும் முதன்முதலா ஒழுங்காச் சந்திக்கிறது அதிலதான். ஒரு காதுக்கு முந்தி மற்றக் காதுக்குப் பிந்தி வாற வித்தியாசம் ஒரு மில்லிசெக்கனும் இல்லை, அதை வைச்சும் எந்தக் காதில சத்தம் கூட எண்டு பாத்தும்தான் திசை பிடிபடுது. ஒரு காது போன ஐயா ஒராள் சொன்னார், ராவில வயல் காவலுக்கு இருக்கேக்க யானை கொப்பு முறிக்கிறது கேக்குதாம், எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லையாம், இப்ப மகன் இல்லாமல் போறேல்லை. மற்றக் காது நல்லாத்தானே இருக்கு எண்டு சும்மா சொல்லுறவை இதைக் கேக்கவேணும்.

மேல மூளை நடுவில இருக்கிற தலமஸ், பிறகு காதுக்கு மேல பொட்டுப் பக்கத்து மூளைப் புறணி எண்ட வெளித்தட்டு, விளங்குறது அங்கதான். ஆனா திடுக்கிடுறதுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒருக்கா றோட்டில கலியாண வீட்டு வெடி போட்டாங்கள், ஹெட்போனைக் கழட்டிக்கொண்டிருந்த அம்மா மேசைக் காலைப் பிடிச்சபடி குனிஞ்சிட்டா, பிறகுதான் 'வெடி என்ன' எண்டு சிரிச்சா. சத்தம் மூளைத்தண்டிலயே திரும்பி முள்ளந்தண்டுக்கு இறங்கி உடம்பைக் குனிய வைச்சிட்டுது, புறணிக்கு விசயம் பிந்தித்தான் விளங்கினது. நான் வைச்சிருக்கிற டெஸ்ட் மெஷினில இது ஒண்டும் விழாது.

வீட்டுக்காரருக்கு நான் சொல்லுறது ஒண்டுதான், கத்தாதேங்கோ. கத்தினா உயிர் ஓசைதான் பெருக்கும், தேவையான துண்டு அப்பிடியேதான் கிடக்கும். டிவியை நிப்பாட்டிப்போட்டு முகத்தைப் பாத்து ஆறுதலாக் கதையுங்கோ. காது மெஷின் போட்ட புதுசில ஃபேன், காகம், சட்டி பானை எல்லாம் ஒண்டா இரைச்சலாத்தான் வரும், கனகாலம் கிடைக்காத சத்தத்துக்கு மூளை பழகவேணும், ஒரு கிழமையில கழட்டி அலுமாரிக்க வைச்சிட்டு சரிவரேல்லை எண்டு வராதேங்கோ. பற்றரி காசுக்கு எங்க போறது எண்டு கேப்பினம், அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.