மருந்து வருவதற்கு முன்பே

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எங்கள் காலைப் பொழுது பெரும்பாலும் வட்டங்களை அளப்பதில் போகும். நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்த பாக்டீரியாவை அகார் என்னும் வளர்ப்புக் கூழ் உள்ள தட்டில் பரப்பி, மேலே ஆன்டிபயாடிக் தோய்ந்த சிறு காகித டிஸ்குகளை வைத்து, 35 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க விட்டுவிடுவோம். மறுநாள் டிஸ்கைச் சுற்றிப் போதிய அகலத்தில் தெளிந்த வட்டம் இருந்தால், அந்தக் கிருமிக்கு அந்த மருந்து வேலை செய்யும். சில தட்டுகளில் தெளிந்த பகுதிக்குள்ளேயே ஓரிரு புள்ளிகள் முளைத்திருக்கும். வேறு கிருமி கலந்துவிட்டதா என்று முதலில் பார்ப்போம். அதே கிருமிதான் என்று உறுதியானால், அவை பெரும்பாலும் மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள்.

பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பலர் இதைப் பார்த்ததும், "மருந்தைக் கண்டதும் கிருமி தன்னை மாற்றிக்கொண்டது" என்பார்கள். இந்த எண்ணத்தைத் திருத்த எவ்வளவு நேரம் ஆனாலும் நான் உட்கார்ந்து பேசுவேன். பரிணாமக் கோட்பாட்டின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது.

டார்வினின் பீகிள் கப்பல் பயணம் 1836இல் முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து பொருளியலாளர் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தபோதுதான் இயற்கைத் தேர்வு அவருக்குப் பிடிபட்டது. உடனே அவர் வெளியிடவில்லை. இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கொட்டலசு என்னும் சிறு கடலுயிரிகளை அறுத்து ஆராய்ந்தார். அதை வீண் தாமதம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே இனத்துக்குள்ளும் ஒவ்வொரு உறுப்பிலும் வேறுபாடு மலிந்திருப்பதை அவர் கண்ணாரக் கண்டது அந்த ஆண்டுகளில்தான். 1858இல் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து இயற்கையியலாளர் வாலஸ் அதே கருத்தை எழுதி அனுப்ப, இருவர் எழுத்துகளும் ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் டார்வினின் நூல் வந்தது. வேறுபாடுகள் முதலில் இருக்கின்றன, சூழல் அவற்றைச் சலிக்கிறது என்பதே சாரம். அந்த வேறுபாடுகள் எப்படித் தோன்றுகின்றன என்பது டார்வினுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பாக்டீரியா விஷயத்தில் இந்தக் கேள்வியைத் தீர்த்தது 1943இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் செய்த சோதனை. பல குழாய்களில் தனித்தனியாக ஈ. கோலை என்னும் பாக்டீரியாவை வளர்த்து, அவற்றை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸிடம் விட்டார்கள். வைரஸ் பட்ட பிறகுதான் எதிர்ப்பு உண்டாகிறது என்றால், எல்லாக் குழாயிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிழைத்திருக்க வேண்டும். ஆனால் பலவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, சிலவற்றிலோ ஏராளம். வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே, ஏதோ ஒரு தலைமுறையில், தற்செயலாக மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 1952இல் லெடர்பர்க் தம்பதி வெல்வெட் துணியால் ஒரு தட்டின் காலனிகளை அப்படியே மருந்து கலந்த பிற தட்டுகளுக்குப் பதித்தெடுத்து, மருந்தையே காணாத மூலத் தட்டில் எதிர்ப்புள்ள கிருமிகள் ஏற்கெனவே இருந்ததைக் காட்டினார்கள். இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு பெரிய விடை கிடைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

(எதிர்ப்பு மரபணுக்களைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வதும் உண்டு. அப்போதும் மருந்தின் வேலை தேர்வு செய்வதுதான்.)

சிகிச்சையில் இதற்கு நேரடி விளைவு உண்டு. என்டரோபாக்டர் என்னும் பாக்டீரியா வளர்ந்த மாதிரியில், செபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள் சில வேலை செய்யும் என்று தட்டு சொன்னாலும், சிகிச்சையின் நடுவே எதிர்ப்புள்ளவை மேலோங்கக்கூடும் என்று மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்வோம். காசநோயில் இது இன்னும் துலக்கம். ஐசோனியசிட் என்னும் காசநோய் மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமி ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசின் என்னும் இன்னொரு மருந்துக்குப் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கலாம் என்பதால், ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்புபவை பெரும்பாலும் உள்ளே காத்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்துத் தப்பக்கூடியது ஒரு லட்சம் கோடிக்குள் ஒன்றுகூட இராது. முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. மாத்திரை அதிகம், ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கும் நோயாளிக்கும் இதே கணக்கைத்தான் விளக்குகிறேன்.